கராஜில் ஒரு நீர்மூழ்கி: மானிட்டோவாக் பாணியில் பக்கவாட்டு நீரிறக்கம்

மானிட்டோவாக் நதியைப் பார்த்துக்கொண்டு பாலத்தில் நின்றபோது என் மாமனார் கேட்ட ஒரு கேள்வியில்தான் இந்த வேலை தொடங்கியது. "மாப்பிள்ளை, இந்த வாய்க்கால்லயா 28 நீர்மூழ்கி இறக்கினாங்க? மூக்கை விட்டா எதிர்க்கரையில போய் முட்டுமே!"

விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர் மானிட்டோவாக். எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம். நதி ஏரியில் கலக்கும் இடத்தில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே கோபியா என்ற இரண்டாம் உலகப் போர் கால நீர்மூழ்கி கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மாமா திருச்சியில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆறு மாதம் எங்களோடு தங்க வந்திருந்தார். இரும்பு சம்பந்தப்பட்ட எதையாவது காட்டலாமே என்று கூட்டிக்கொண்டு போனேன். கோபியாவே இங்கே கட்டியது இல்லை, கனெக்டிகட்டில் க்ராட்டன் ஊரில் எலெக்ட்ரிக் போட் கம்பெனி கட்டியது. ஆனால் அதே கம்பெனியின் வரைபடங்களை வாங்கி வைத்துக்கொண்டு மானிட்டோவாக் ஷிப்பில்டிங் கம்பெனி இந்த நதிக்கரையில் 28 நீர்மூழ்கிகளைக் கட்டியது. அதற்கு முன் அவர்கள் ஒன்றுகூடக் கட்டியதில்லை. சரக்குக் கப்பல், ரயில் பெட்டிகளை ஏற்றிப்போகும் படகு, கிரேன் இவைதான் அவர்கள் தொழில்.

மாமாவின் கேள்விக்குப் பதில் எளிது. மூக்கை முன்னால் விடவில்லை. கப்பலை நதிக்கு இணையாக நிறுத்தி, பக்கவாட்டில் அப்படியே சரித்து விட்டார்கள். 95 மீட்டர் நீளக் கப்பல் கரையிலிருந்து ஒருக்களித்துத் தண்ணீரில் விழுந்து, சாய்ந்து, எழுந்து, ஆடி நிற்கும். ஏரிக்கரைக் கப்பல் கட்டும் யார்டுகளில் இது பழைய வழக்கம், நீர்மூழ்கிக்கு இதைச் செய்தார்கள் என்பதுதான் விசேஷம். படங்களைக் காட்டினேன். மாமா நம்பவில்லை. "உருண்டையான வயிறு இருக்கிற கப்பல், கவுந்துடாதா?" என்றார். செய்து பார்த்துவிடலாம் என்று அன்றே முடிவானது.

அளவு 1:100. கணக்கு சுலபமாக இருக்கும் என்பதால் இது. 95 மீட்டர் நீளம் 95 செ.மீ. ஆகும், 8.3 மீட்டர் அகலம் 8.3 செ.மீ. எடை மட்டும் நீளத்தின் மும்மடியாகக் குறையும்: நீர்மட்டத்தில் மிதக்கும்போது சுமார் 1,525 டன், அதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் ஒன்றரைக் கிலோ. நீரிறக்கும்போது இஞ்சின், பேட்டரி எல்லாம் முழுசாக ஏறியிருக்காது என்பதால் 1.35 கிலோ என்று வைத்துக்கொண்டேன். இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பிடித்தது: அலை, ஆட்டம் இவற்றில் நேரம் அளவின் வர்க்கமூலமாகச் சுருங்கும். நூறின் வர்க்கமூலம் பத்து. மாடல் ஒரு நொடியில் ஆடினால் நிஜக் கப்பல் பத்து நொடியில் ஆடும். அதனால் போனில் நொடிக்கு 240 படம் எடுத்து மெதுவாக ஓட்டினால் கிட்டத்தட்ட நிஜமாக எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துவிடலாம்.

இந்த வகை நீர்மூழ்கியின் நடுப்பகுதியில் இரண்டு உடல் உண்டு. உள்ளே அழுத்தத்தைத் தாங்கும் உருளை, அதன் விட்டம் சுமார் 16 அடி. அதைச் சுற்றி வெளித்தோல், இடையில் தண்ணீர்த் தொட்டியும் எண்ணெய்த் தொட்டியும். 16 அடியை நூறால் வகுத்தால் 49 மி.மீ. ஹார்டுவேர் கடையில் ஒன்றரை அங்குல பிவிசி குழாயை எடுத்து அளந்தால் வெளிவிட்டம் 48 மி.மீ.! கடையிலேயே எனக்குக் கை நடுங்கியது. 65 செ.மீ. வெட்டி இரண்டு பக்கமும் மூடி ஒட்டினேன். அதுதான் உள் உருளை.

வெளித்தோலுக்கு 3 மி.மீ. ப்ளைவுட்டில் 19 சட்டங்கள் அறுத்தேன். நடுவில் வட்டமாகத் துளை, குழாய் அதில் நுழையும். ஜிக்சாவில் அறுத்துவிட்டு அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு ஒவ்வொன்றையும் குழாயில் ஏற்றிப் பார்ப்பதிலேயே இரண்டு வாரக் கடைசிகள் போயின. பிறகு ஒரு நேரான பலகையில் எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, மேலே ஏராக் கட்டையை (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) வைத்து ஒட்டினேன். மாடல் செய்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் கவிழ்த்து வைத்துச் செய்வார்கள், வயிற்றுப் பக்கம் கைக்கு எட்டும்.

மாமா இதைப் பார்த்துவிட்டு, அந்த யார்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டார். அவர்களும் கப்பலைத் துண்டு துண்டாகக் கொட்டகைக்குள் கட்டி, ஒவ்வொரு துண்டையும் புரட்டி, வெல்டிங் விழும் இடம் எப்போதும் வெல்டரின் கைக்குக் கீழே இருக்கும்படி வைத்துத்தான் அடித்தார்கள் என்று சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "தலைக்கு மேல வெல்டிங் அடிக்கிறது எவ்வளவு கொடுமை தெரியுமா? பொறி காலருக்குள்ள விழும். கழுத்தைத் திருப்ப முடியாது, கை நடுங்கும், உலோகம் சொட்டும். எக்ஸ்-ரே எடுத்தா மொதல்ல அந்த ஜாயின்ட்தான் தப்பாகும். புதுசா ஆள் எடுத்திருந்தாங்கன்னா, புரட்டிப் போட்டதுதான் சரி." புதிதாகத்தான் ஆள் எடுத்தார்கள். சுமார் 24,000 பேர் இருந்த ஊரில் அந்த யார்டில் மட்டும் உச்சக்கட்டத்தில் 7,000 பேர் வேலை பார்த்தார்கள், அதில் பெண்கள் நிறைய. கழுத்து வலியைப் பற்றி அவர் சொன்ன பிறகுதான், அது வெறும் உற்பத்தி உத்தி இல்லை என்பது எனக்கு உறைத்தது. 300 அடி ஆழத்தில் அந்த ஜாயின்ட்டை நம்பித்தான் எண்பது பேர் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். முதல் கப்பல்களின் உள்தகடு 11/16 அங்குலம்தான், பின்னால் வந்தவற்றில் 7/8 அங்குலம், அதனால் சோதனை ஆழமும் 400 அடியாக ஏறியது.

தோலுக்கு ஒன்றரை மி.மீ. பால்சா பட்டைகள். அதன் மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணியைப் போட்டு எபாக்ஸி பூசினேன். கராஜில் குளிர் இன்னும் போகவில்லை, முதல் பூச்சு இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுவென்றே இருந்தது. ஹீட்டர் வைத்து ஒரு நாள் முழுக்கச் சூடேற்றிய பிறகுதான் இறுகியது. விஸ்கான்சினில் ஏப்ரலில் எபாக்ஸி வேலை செய்கிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளமும் கோபுரமும் கட்டி மரத்தில் இழைத்தேன். அதுதான் தப்பு, பின்னால் சொல்கிறேன்.

எந்தக் கப்பல் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. முதல் கப்பல் பீட்டோ, 1941 ஜூனில் ஏரா வைத்து 1942 ஏப்ரல் 30 அன்று இறக்கினார்கள். அதையே செய்யலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் படிக்கப் படிக்க லகார்டோ மனதை விட்டுப் போகவில்லை. 1944 மே 28 அன்று இதே நதியில் இறங்கிய கப்பல். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1945 மே 3 அன்று தாய்லாந்து வளைகுடாவில் 86 பேரோடு மூழ்கிப்போனது. எங்கே கிடக்கிறது என்பது 60 வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 2005இல் தனியார் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருஷம் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது ப்ரொப்பெல்லரில் மானிட்டோவாக் என்று ஊர்ப் பெயர் பொறித்திருந்தது. இங்கே கட்டிய 28இல் லகார்டோ, கோலெட், கீட், ரொபாலோ என்று நான்கு திரும்பவில்லை. ஊர்ப் பெயர் அந்த உலோகத்தில் ஏறிய நாளில் அதைப் பொறித்தவருக்கு, அது ஒருநாள் அடையாளம் காட்டப் பயன்படும் என்று தோன்றியிருக்காது. மாடலுக்கு 25 மி.மீ. பித்தளை ப்ரொப்பெல்லர் இரண்டு வாங்கியிருந்தேன். மாமா தன் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஊசி முனைக் கோடிழுப்பானால் இரண்டிலும் அந்தப் பெயரைக் கீறினார். ஒரு மாலை முழுக்க ஆனது. கை இன்னும் நிதானமாக இருக்கிறது அவருக்கு.

குளியல் தொட்டிச் சோதனை. மிதந்தது, ஒரு விநாடி நேராக நின்றது, அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். கட்டி மரத்தில் கோபுரம் செய்தால் இதுதான் நடக்கும், எடை மையம் மேலே போய்விட்டது. கோபுரத்தையும் மேல்தளத்தையும் கழற்றி, கிண்ணம் மாதிரி உள்ளே குடைந்தேன். ஏராப் பக்கம் ஒரு நீளப் பள்ளம் பறித்து, 400 கிராம் ஈயக் குண்டுகளை எபாக்ஸியில் குழைத்து இட்டேன். நிஜக் கப்பலிலும் அடியில் ஈயப் பாரம் உண்டு. மறுபடி தொட்டியில் விட்டபோது 45 டிகிரி சாய்த்துக் கையை எடுத்தாலும் எழுந்து நின்றது. தராசில் 1.37 கிலோ.

பாரம் என்றதும் ஒன்று. ஏரித் தண்ணீர் நன்னீர், கடல் நீரைவிட இரண்டரை சதவீதம் லேசு. முழுகிய நிலையில் இந்தக் கப்பல் சுமார் 2,424 டன் தண்ணீரை விலக்கும் என்றால், கடலுக்கும் ஏரிக்கும் வித்தியாசம் அறுபது டன். மிச்சிகன் ஏரியில் முழுகிச் சோதனை செய்துவிட்டு, அதே பாரத்தோடு கடலில் இறங்கினால் கப்பல் முழுகாது. இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்த ஊர் அது.

அடுத்து கரை. ப்ளைவுட்டில் 150 செ.மீ.க்கு 90 செ.மீ. தொட்டி அடித்து, உள்ளே தார்ப்பாய் விரித்து 12 செ.மீ. தண்ணீர் நிரப்பினேன். ஒரு பக்கம் சரிவுத் தளம், எட்டுக்கு ஒன்று சரிவு. அதில் ஆறு மரச் சட்டங்கள் தண்ணீரை நோக்கி, தண்ணீருக்கு 2 செ.மீ. மேலேயே முடிந்துவிடும். கப்பலின் கீழே ஆறு சறுக்குக் கட்டைகள், அவை கப்பலோடு சேர்ந்து வழுக்கிப் போய்த் தண்ணீரில் விழுந்து மிதக்கும். யார்டுகளில் கொழுப்பும் கிரீஸும் தடவுவார்கள். நான் முதலில் சோப்பு தேய்த்தேன், ஒட்டிக்கொண்டது. கிரீஸ் இந்த எடைக்கு இழுத்துப் பிடித்தது. கடைசியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, துணியால் பளபளவென்று துடைத்ததுதான் வேலைக்கு ஆனது.

மூக்கில் ஒரு நூல், வாலில் ஒரு நூல், இரண்டும் கரையில் ஆணியில் கட்டியிருக்கும். நிஜத்தில் கயிறு, ஆளுக்கொரு கோடாரி. எங்களுக்கு பிளேடு.

முதல் தடவை நான் மூக்கில், மாமா வாலில். என் மகள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். நான் மூன்று என்ற சொல்லோடு வெட்டினேன், மாமா மூன்று முடிந்த பிறகு வெட்டினார். மூக்கு முன்னால் கிளம்பிவிட்டது, கப்பல் கோணிக்கொண்டு இறங்கியது, வால் பக்கம் கடைசிச் சட்டத்தில் கட்டை சிக்கி நின்றது. மூக்கு தண்ணீரில், வால் கரையில். அடுத்த நொடி சட்டம் பெயர்ந்து, வால் தொட்டி விளிம்பில் அறைந்து, தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. மூன்று மாத வேலை. மகள் அழுதேவிட்டாள்.

வீடியோவை ஓட்டி எண்ணினோம். இரண்டு வெட்டுக்கும் நடுவில் 40 படம், அதாவது ஆறில் ஒரு பங்கு நொடி. நிஜக் கப்பலுக்கு மாற்றினால் சுமார் 1.7 நொடி. கோடாரி 1.7 நொடி தாமதமானால் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு கோணிக்கொள்ளும்! 28 தடவை அவர்கள் இதைத் தப்பில்லாமல் செய்திருக்கிறார்கள். இந்த மாடல் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே விஷயம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வரைபடம் வாங்கிவிடலாம், கிரேன் சொந்தமாகவே இருந்தது, வெல்டிங் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் கப்பலின் இரண்டு முனையில் 300 அடி தள்ளி நிற்கும் ஆட்களின் கை ஒரே கணத்தில் விழ வேண்டும்.

பழுது பார்த்த விதம்: கிழிந்த இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, உடைந்த ஒரு சட்டத்துக்குப் பக்கத்தில் புதுச் சட்டம் ஒட்டி, பால்சா பட்டைகளை ஓரம் சீவி பதித்து, மறுபடி துணியும் எபாக்ஸியும். ஒட்டுத் தெரியாமல் தேய்க்க மூன்று நாள். சரிவுச் சட்டங்களை இந்த முறை திருகாணி போட்டு இறுக்கினேன்.

ஒரே நூலை இரண்டு முனைக்கும் கப்பி வழியாக ஓட்டி, ஒரே இடத்தில் வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க ரெண்டு பேரா வெட்டினாங்கன்னா நாமளும் ரெண்டு பேராத்தான் வெட்டணும் மாப்பிள்ளை. பழகினா வரும்." பழகினோம். மாமாவின் கம்பெனியில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பாரத்தை நகர்த்தும்போது எண்ண மாட்டார்களாம், தட்டுவார்களாம். மகள் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரே சீராக நான்கு தட்டு தட்டுவாள், ஐந்தாவது தட்டில் வெட்டு. வெறும் நூலை வைத்துக்கொண்டு முப்பது தடவைக்கு மேல் செய்திருப்போம். 40 படம் இருபதானது, பத்தானது, ஆறில் வந்து நின்றது.

இரண்டாவது நீரிறக்கம் ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாவது தட்டு விழுந்ததும் இரண்டு நூலும் போயின. கப்பல் நேராக, ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கியது. சட்டத்தின் முடிவில் வெளிப்பக்கம் சடாரென்று கீழே போய், மேல்தளம் முழுக்க எங்களுக்குத் தெரியாமல் மறைந்து, வயிறு மட்டும் தெரிந்தது. கரைப்பக்கத்து ப்ரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்து சொட்டிக்கொண்டு நின்றது. கவிழ்ந்தது என்றே நினைத்தேன். எதிர்ப்பக்கம் அலை தொட்டியைத் தாண்டிக் குதித்து கராஜ் சுவரை நனைத்தது. அப்புறம் கப்பல் திரும்பி எழுந்தது, எங்கள் பக்கம் சாய்ந்தது, மறுபடி அந்தப் பக்கம். மாமா பிளேடைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வீடியோவில் அளந்தது: முதல் சாய்வு 38 டிகிரி, ஒரு முழு ஆட்டத்துக்கு 1.1 நொடி. நிஜத்தில் 11 நொடி.

மிச்சம் இருந்தது, இங்கே இறங்கிய கப்பல்கள் கடலுக்குப் போன பயணம். 311 அடிக் கப்பல் அன்றைய செயின்ட் லாரன்ஸ் கால்வாய்களின் லாக்குகளில் (கப்பலை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்) நுழையாது, இப்போதைய பெரிய வழி 1959இல்தான் திறந்தது. அதனால் சிகாகோ வழியாக லாக்போர்ட் வரை போய், அங்கிருந்து இல்லினாய் நதி, மிசிசிப்பி, நியூ ஆர்லியன்ஸ். பாலங்களுக்கு அடியில் நுழைய பெரிஸ்கோப்பைக் கழற்றினார்கள். கப்பலுக்கு 15 அடி ஆழம் வேண்டும், நதியின் வழி 9 அடிதான். எனவே மிதக்கும் டாக்கில் ஏற்றி இழுத்துப்போனார்கள். இந்த யோசனை யார்டின் தலைவர் சார்லஸ் வெஸ்ட்டுடையது. போர்க்கப்பல் கட்டித் தருகிறோம், இப்படி அனுப்பிவிடலாம் என்று அவர் முதலில் கேட்டது நாசகாரிக் கப்பல்களுக்கு (டெஸ்ட்ராயர்). கடற்படை நீர்மூழ்கி கட்டச் சொன்னது, 1940 செப்டம்பரில் பத்துக்கு ஒப்பந்தமானது.

1:100இல் 9 அடி என்பது 2.7 செ.மீ. ஒரு மீட்டர் நீளம், 14 செ.மீ. அகலத்தில் அடிப்பெட்டியும் இரண்டு பக்கச் சுவருமாக ப்ளைவுட் டாக் செய்தேன். அதன் எடை 900 கிராம், கப்பலோடு 2.3 கிலோ. 1,400 சதுர செ.மீ. பரப்பில் இது ஒன்றே முக்கால் செ.மீ.க்குள் மிதக்க வேண்டும். கொல்லையில் மகளின் ரப்பர் குளத்தில் ஸ்கேல் வைத்து அளந்து 2.7 செ.மீ. தண்ணீர் விட்டோம். கப்பலைத் தனியாக வைத்தால் தரை தட்டி உட்கார்ந்துகொள்கிறது. டாக்கில் வைத்தால் தளும்பாமல் நிற்கிறது, அடியில் ஒரு விரல் நுழையவில்லை, ஆனால் காகிதம் நுழைகிறது. மாமா நூலைக் கட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மகள் முன்னால் போய் இலை, குச்சிகளை எடுத்துப்போட்டுக்கொண்டே, "தாத்தா, நியூ ஆர்லியன்ஸ் எங்கே?" என்றாள். மாமா குளத்தின் மறுபக்கத்தைக் காட்டி, "அந்தா, அந்தத் தவளை பொம்மைக்கிட்ட. நீ முன்னாடி போய்ப் பாலத்தைத் தூக்கு" என்றார்.